ஏமாறாதவர்களும் புகார் அளித்தால்தான் பிடிபடும் தொலைபேசி மோசடி

புது தில்லி: இணையவழிக் குற்றங்கள் பற்றிக் கேள்வி எழாத நாடாளுமன்றக் கூட்டத்தொடர் அண்மை ஆண்டுகளில் இல்லை என்றே கூறலாம். கேள்வி கேட்பவர் எந்தக் கட்சியினராக இருந்தாலும், எழுத்துப்பூர்வ பதிலின் வடிவம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். காவல் துறை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது என்று தொடங்கி, மத்திய அரசு எடுத்துள்ள நடவடிக்கைகளை வரிசைப்படுத்தி, இறுதியில் மாநில வாரியான அட்டவணை ஒன்றை இணைப்பாகத் தருவார்கள். அந்த அட்டவணையில் மகாராஷ்டிரத்துக்கு ஒரு வரி. மும்பை அந்த வரிக்குள் அடக்கம்.

மும்பையின் கிழக்கு ஓரத்தில் உள்ள அணுசக்தி நகரில், இந்த வாரம் எத்தனை வீடுகளுக்கு மோசடி அழைப்பு வந்தது, அழைத்தவர்கள் யாராகத் தங்களைக் காட்டிக்கொண்டனர், எத்தனை பேர் பணத்தை இழந்தனர் என்பதை அந்த அட்டவணை சொல்லாது. அங்கு வசிப்பவர்களுக்கோ அடுத்து யார் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும் என்பதை அறிய இந்தத் தகவல்தான் முதலில் தேவை.

தொலைபேசி மோசடியை அடையாளம் காண அரசு இன்று நம்பியிருப்பது பெருமளவில் பொதுமக்கள் தரும் தகவலைத்தான். அந்தத் தகவலைத் தர வேண்டியவர்களில் பெரும்பாலோர் பணத்தை இழக்காதவர்கள். சந்தேகப்பட்டு அழைப்பைத் துண்டித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுபவர்கள். அவர்கள் தெரிவிக்காமல் விடும் எண்தான் அடுத்த வீட்டுக்காரரை ஏமாற்றுகிறது.

நாளொன்றுக்கு ரூ.62 கோடி

மக்களவையில் 2025 ஜூலை 22-ஆம் தேதி மத்திய உள்துறை இணை அமைச்சர் பண்டி சஞ்சய் குமார் அளித்த பதிலின்படி, இணையவழி மோசடிகளில் 2024-இல் நாட்டு மக்கள் இழந்த தொகை ரூ.22,845 கோடி. முந்தைய ஆண்டில் இது ரூ.7,465 கோடியாக இருந்தது. ஓர் ஆண்டில் மூன்று மடங்கு உயர்வு. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் சராசரியாக ரூ.62 கோடி. பதிவான இணையக் குற்றச் சம்பவங்களின் எண்ணிக்கையும் 2023-இல் 15.96 லட்சமாக இருந்து, 2024-இல் 22.68 லட்சமாக உயர்ந்தது.

போலீஸ், சிபிஐ, சுங்கத் துறை அதிகாரிகளாக நடித்துக் காணொலி அழைப்பில் மிரட்டும் 'டிஜிட்டல் கைது' மோசடி பற்றி, மாநிலங்களவையில் 2025 மார்ச்சில் தனிக் கணக்கு தரப்பட்டது. 2022-இல் 39,925 புகார்கள், இழப்பு ரூ.91 கோடி. 2024-இல் 1,23,672 புகார்கள், இழப்பு ரூ.1,935 கோடி. புகார்கள் மூன்று மடங்காயின. இழப்பு 21 மடங்காயிற்று. அதாவது, ஒரே ஆளிடமிருந்து பறிக்கப்படும் தொகை பெருகிவிட்டது. வாழ்நாள் சேமிப்பை வைத்திருப்பவர்களைத் தேடிப்பிடிக்க மோசடிக்காரர்கள் கற்றுக்கொண்டுவிட்டனர் என்பதற்கு இதுவே சான்று.

மீட்கப்பட்ட தொகையோ மிகக் குறைவு. உதவி எண் முறை 2021-இல் தொடங்கியதிலிருந்து 2025 ஜூலை வரை, 17.82 லட்சம் புகார்களில் ரூ.5,489 கோடி மோசடிக்காரர்களின் கைக்குப் போகாமல் தடுக்கப்பட்டதாக அரசு தெரிவித்தது. நான்கு ஆண்டுகளில் காப்பாற்றப்பட்ட இந்தத் தொகை, 2024 என்ற ஓர் ஆண்டில் மட்டும் இழந்த தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஒரே தொகுதி, பல வகை மக்கள்

அணுசக்தி நகர், டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஊழியர்களுக்காக அணுசக்தித் துறை அமைத்த குடியிருப்பு. அதே பெயரிலான சட்டப்பேரவைத் தொகுதிக்குள்தான் சீதா கேம்ப் பகுதியும் வருகிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனி அகற்றப்பட்டபோது அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம் அது. அவர்களில் தமிழர்கள் கணிசமானோர். செம்பூர், தாராவி, சயான் கோலிவாடா, வடாலா, மாஹிம் ஆகிய பேரவைத் தொகுதிகளுடன் சேர்ந்து, இப்பகுதி மும்பை தென்-மத்திய மக்களவைத் தொகுதியில் அடங்குகிறது. மும்பைத் தமிழர்களின் பழைய இருப்பிடங்களில் பலவும் இந்த ஒரு தொகுதிக்குள் வந்துவிடுகின்றன.

ஓய்வு பெற்ற விஞ்ஞானியும், தோல் பட்டறைத் தொழிலாளியும், மாட்டுங்காவில் தனியாக வசிக்கும் மூதாட்டியும் ஒரே தொகுதி வாக்காளர்கள். ஆனால் அவர்களுக்கு வரும் மோசடி அழைப்புகள் ஒரே வகையானவை அல்ல.

மத்திய அரசு ஓய்வூதியர்களைக் குறிவைப்பவர்கள், ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுவதாகக் கூறுகின்றனர். ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே அளிக்கலாம். சான்றிதழ் பதிவாகவில்லை, ஓய்வூதியம் நின்றுவிடும் என்று அஞ்சவைத்து, வங்கி விவரத்தையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கேட்பது இவர்களின் வழி. இத்தகைய அழைப்புகளை நம்ப வேண்டாம் என்று மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகமே எச்சரிக்கை வெளியிட்டுள்ளது.

மின் கட்டணம் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்ற குறுஞ்செய்தி நடுத்தரக் குடும்பங்களுக்கு வருகிறது. மும்பையில் குழாய் எரிவாயு கட்டணத்தின் பெயரிலும் இதே தந்திரம் கையாளப்பட்டது. சிறு கடன் தேவைப்படுவோருக்குக் கடன் செயலி. வேலை தேடும் இளைஞர்களுக்கு வீட்டிலிருந்தே வருமானம். கையில் சேமிப்பு உள்ளவர்களுக்குப் பங்குச் சந்தை முதலீட்டுக் குழு.

'டிஜிட்டல் கைது' மோசடியில் மும்பைக்குத் தனி இடம் உண்டு. மும்பையிலிருந்து உங்கள் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட பொட்டலத்தில் போதைப்பொருள் சிக்கியது, மும்பை குற்றப்பிரிவு அதிகாரி பேசுவார் என்பது நாடு முழுவதும் பயன்படுத்தப்பட்ட கதை. சென்னையில் இருப்பவரால் அதை நேரில் சென்று சரிபார்க்க இயலாது. மும்பைவாசியால் இயலும். கிழக்கு மண்டல இணையக் குற்றக் காவல் நிலையம் அணுசக்தி நகருக்கு அருகில் கோவண்டியிலேயே உள்ளது. ஆனால் அறையை விட்டு வெளியேறக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்பதுதான் அழைப்பவரின் முதல் நிபந்தனை.

மூன்று எண்கள், மூன்று வேலைகள்

எங்கு புகார் செய்வது என்பதில்தான் பொதுமக்களுக்குக் குழப்பம் அதிகம். அரசு வகுத்துள்ள வழிகள் மூன்று; ஒவ்வொன்றும் வெவ்வேறு நோக்கம் கொண்டது.

பணத்தை இழந்தவர் அழைக்க வேண்டியது 1930. உள்துறை அமைச்சகத்தின் இந்திய இணையவழிக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் இதன் பின்னணியில் இயங்குகிறது. 2021-இல் 155260 என்ற எண்ணில் தொடங்கி, பின்னர் 1930 ஆக மாற்றப்பட்டது. புகார் பதிவானதும், பணம் சென்ற வங்கிக்கு இணையம் வழியாகத் தகவல் போகும். பணம் அந்தக் கணக்கில் இன்னும் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். வேறு வங்கிக்குப் போய்விட்டிருந்தால், புகாரும் அந்த வங்கியைத் துரத்திச் செல்லும். பணம் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிட்டாலோ, நாட்டுக்கு வெளியே போய்விட்டாலோ துரத்தல் அத்துடன் முடிந்தது. ஆகவே முதல் ஒரு மணி நேரத்துக்குள் அழைப்பதே பயன் தரும். நாளை காலை மகன் வந்ததும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் புகார், பெரும்பாலும் வழக்கு எண்ணாக மட்டுமே மிஞ்சும்.

பணம் இழக்காதவர், ஆனால் மோசடி அழைப்பு வந்தது என்று அறிந்தவர், தெரிவிக்க வேண்டிய இடம் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உள்ள 'சக்ஷு' வசதி. 2024 மார்ச் 4-ஆம் தேதி தொடங்கப்பட்ட இதில், கடந்த 30 நாள்களுக்குள் வந்த சந்தேகத்துக்குரிய அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்-ஆப் தகவல் ஆகியவற்றைப் பதிவு செய்யலாம். அந்த எண்ணின் உரிமையாளர் மீண்டும் சரிபார்ப்புக்கு உட்படுத்தப்படுவார். அதில் தேறாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். சந்தேகத்துக்குரிய எண்கள் பற்றிய தகவல், வங்கிகளுக்கும் போலீஸாருக்கும் பகிரப்படுகிறது.

தொந்தரவு தரும் விளம்பர அழைப்புகளுக்கு 1909. இது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' வகுத்த விதிகளின் கீழ் வருவது.

ஐந்து பேரின் பலம்

அக்கம்பக்கத்தாரின் புகார் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த டிராய் விதியே தெளிவான எடுத்துக்காட்டு. பதிவு செய்யாத எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு விடுப்பவர் மீது நடவடிக்கை எடுக்க, முன்பு ஏழு நாள்களில் பத்துப் புகார்கள் வர வேண்டும். 2025 பிப்ரவரி 12-ஆம் தேதி வெளியிட்ட திருத்தத்தில், பத்து நாள்களில் ஐந்து புகார்கள் போதும் என்று டிராய் மாற்றியது. புகார் செய்வதற்கான அவகாசம் மூன்று நாள்களிலிருந்து ஏழு நாள்களாக நீட்டிக்கப்பட்டது. தொலைபேசி நிறுவனங்கள் நடவடிக்கை எடுக்க இருந்த 30 நாள் அவகாசம், ஐந்து நாள்களாகக் குறைக்கப்பட்டது.

இந்தக் கணக்கை ஒரு குடியிருப்பில் பொருத்திப் பார்க்கலாம். அணுசக்தி நகரின் பல மாடிக் கட்டடம் ஒன்றில், ஒரே எண்ணிலிருந்து ஒரே வாரத்தில் இருபது வீடுகளுக்கு அழைப்பு வருகிறது என்று கொள்வோம். பதினெட்டுப் பேர் எடுத்த எடுப்பிலேயே துண்டித்துவிடுகின்றனர். ஒருவர் புகார் செய்கிறார். இன்னொருவர் ஏமாறுகிறார். விதிப்படி அந்த எண்ணின் மீது ஒரே ஒரு புகார்தான் உள்ளது. துண்டித்த பதினெட்டுப் பேரில் நால்வர் இரண்டு நிமிடம் செலவிட்டிருந்தால், புகார் எண்ணிக்கை ஐந்தாகியிருக்கும்.

விளம்பர அழைப்புக்கான விதி மோசடி அழைப்புக்கு அப்படியே பொருந்தாது. மோசடிக்குச் 'சக்ஷு'வே உரிய இடம். எனினும், பலர் தனித்தனியே தரும் சிறு தகவல்கள் ஒன்று சேரும்போதுதான் ஓர் எண் சந்தேக வட்டத்துக்குள் வருகிறது என்ற அடிப்படை இரண்டுக்கும் பொது. தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் அறிமுகம் செய்த நிதி மோசடி அபாயக் குறியீடும், இத்தகைய தகவல்களைக் கொண்டே செல்லிடப்பேசி எண்களை வகைப்படுத்துகிறது. இதைத் தங்கள் முறைமைகளில் இணைக்குமாறு 2025 ஜூன் 30-இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அபாயக் குறியீடு பெற்ற எண்ணுக்குப் பணம் அனுப்ப முயலும்போது வங்கி எச்சரிக்கலாம் அல்லது தடுக்கலாம்.

எண் ஒன்று, ஆள் வேறு

புகார்களைத் தொகுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. திரையில் தெரியும் எண், அழைத்தவரின் உண்மையான எண்ணாக இருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இந்திய எண் போலக் காட்டும் தந்திரத்தைத் தடுக்க, 2024 அக்டோபர் 22-இல் மத்திய அரசு ஒரு தடுப்பு முறையைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 1.35 கோடி அழைப்புகள் போலி என்று கண்டறியப்பட்டன.

ஜார்க்கண்டின் ஜாம்தாரா, ஹரியாணா-ராஜஸ்தான் எல்லையில் உள்ள மேவாத் ஆகிய பெயர்கள் ஒரு காலத்தில் தொலைபேசி மோசடிக்கு மறுபெயராக இருந்தன. அங்கிருந்து இயங்கும் எண்களின் இருப்பிடத்தை வரைபடத்தில் காட்டும் 'பிரதிபிம்ப்' என்ற மென்பொருள் போலீஸாருக்கு உதவி வருகிறது. பின்னர் மோசடியின் மையம் எல்லை தாண்டி மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளுக்கு விரிந்தது. வேலை என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர்களே அங்கு அடைத்து வைக்கப்பட்டு, இந்தியர்களை ஏமாற்றும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். மியான்மரின் மியாவாடி பகுதியிலிருந்து மீட்கப்பட்ட தமிழக இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் தாயகம் திரும்பினர். 2025 மார்ச்சில் 549 இந்தியர்கள் விமானப் படை விமானங்களில் அழைத்து வரப்பட்டனர்.

ஆகவே எண்ணை மட்டும் குறித்துவைப்பது போதாது. அழைத்தவர் யாராகத் தம்மைக் கூறிக்கொண்டார், எந்த மொழியில் பேசினார், எந்தச் செயலியைப் பதிவிறக்கச் சொன்னார், எந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னார் என்ற விவரங்களும் பதிவாக வேண்டும். எண்ணை ஒரு நாளில் மாற்றிவிடலாம். பழகிப்போன கதையையும், பணம் பெறும் வங்கிக் கணக்கையும் அத்தனை எளிதில் மாற்ற முடியாது.

வாடகைக்கு வங்கிக் கணக்கு

மோசடிக்காரர் தம் சொந்தக் கணக்கில் பணம் பெறுவதில்லை. யாரோ ஒருவர் சிறு தொகைக்காக இரவல் தந்த கணக்கு, யாரோ ஒருவரின் அடையாள அட்டையில் வாங்கிய சிம் அட்டை ஆகியவையே கருவிகள். இதற்குப் பலியாகிறவர்களில் மாணவர்களும், கூலித் தொழிலாளர்களும், வேலையற்றோரும் உண்டு. பணத்தை இழப்பவர் ஒரு தெருவில் இருக்க, அந்தப் பணம் போய்ச் சேரும் கணக்கின் உரிமையாளர் அடுத்த தெருவிலும் இருக்கலாம். ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கலாம். சந்தேகத்துக்குரிய கணக்குகளின் பதிவேடு ஒன்றை 2024 செப்டம்பர் 10-இல் உள்துறை அமைச்சர் அமித் ஷா தொடங்கி வைத்தார்.

கணக்கையும் கடன் அட்டையையும் சில நாள்களுக்குக் கொடு, மாதம் ஒரு தொகை தருகிறோம் என்று ஒரு பகுதியில் யாரேனும் இளைஞர்களை அணுகினால், அதுவும் புகார் செய்ய வேண்டிய தகவல்தான். பணம் பறிபோவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை அது. கணக்கைக் கொடுத்தவர் தமக்கு எதுவும் தெரியாது என்று கூறினாலும், வழக்கில் முதலில் விசாரிக்கப்படுபவர் அவரே. பொய்யான ஆவணம் கொடுத்து சிம் அட்டை பெறுவது, 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரியது. நம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதைச் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

காப்பாற்றியது பணிப்பெண்ணின் கண்

'டிஜிட்டல் கைது' என்று ஒரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபர் 27-ஆம் தேதி வானொலி உரையில் பிரதமர் மோடி இதை நாட்டு மக்களுக்கு எடுத்துக் கூறினார். அதன் பின்னரும் மோசடி ஓயவில்லை. தெற்கு மும்பையைச் சேர்ந்த 86 வயது மூதாட்டி ஒருவர் 2024 டிசம்பர் இறுதி முதல் 2025 மார்ச் தொடக்கம் வரை ஏறத்தாழ இரண்டு மாதங்களில் ரூ.20 கோடிக்கு மேல் இழந்தார். அவர் அறையை விட்டு வெளிவராததையும், நடவடிக்கை மாறியிருந்ததையும் வீட்டுப் பணிப்பெண் கவனித்து மகளிடம் கூறிய பிறகே உண்மை வெளிப்பட்டதாகச் செய்திகள் தெரிவித்தன. 2025 அக்டோபரில் வெளிவந்த மற்றொரு மும்பை வழக்கில், 72 வயதுத் தொழிலதிபர் ஒருவர் இழந்தது ரூ.58 கோடி.

படிப்பும் பதவியும் இதற்குக் காப்பு அல்ல. ஜவுளித் துறையில் புகழ்பெற்ற வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், போலி உச்ச நீதிமன்ற விசாரணை ஒன்றைக் காணொலியில் காட்டி ஏமாற்றப்பட்டு, 2024-இல் ரூ.7 கோடியை இழந்தார். அவர் வெளிப்படையாகப் பேசியதால் பலர் எச்சரிக்கை பெற்றனர்.

ஹரியாணாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி ரூ.1.05 கோடி இழந்ததை அடுத்து, உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. டிசம்பர் 1-ஆம் தேதி, 'டிஜிட்டல் கைது' மோசடிகளை சிபிஐ விசாரிக்குமாறு உத்தரவிட்டது.

இந்த வழக்குகள் அனைத்திலும் மோசடிக்காரரின் முக்கிய ஆயுதம் தனிமைப்படுத்துதல். யாரிடமும் சொல்லாதே என்ற மிரட்டல் பலித்தவரை பணம் போய்க்கொண்டே இருக்கும். பணிப்பெண்ணோ, வங்கி ஊழியரோ, எதிர்வீட்டுக்காரரோ ஏதோ சரியில்லை என்று கேட்ட கணத்தில் அது முறியும். முதியவர் ஒருவர் பதற்றத்துடன் வந்து நிரந்தர வைப்பை முறிக்கக் கேட்டபோது, ஐதராபாத்தில் 2024 நவம்பரில் பாரத ஸ்டேட் வங்கி ஊழியர்கள் சந்தேகப்பட்டு விசாரித்து அவரது சேமிப்பைக் காப்பாற்றினர். தகவல் தொழில்நுட்பம் கண்டுபிடிக்க முடியாததை இத்தகைய சாதாரண விசாரிப்பு கண்டுபிடித்துவிடுகிறது.

பிற நாடுகளின் அனுபவம்

பொதுமக்கள் தரும் தகவலை ஒரே இடத்தில் தொகுத்து, உடனுக்குடன் வங்கிகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் பகிர்ந்தால் இழப்பு குறையும் என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. அங்கு தேசிய மோசடித் தடுப்பு மையம் 2023 ஜூலையில் தொடங்கப்பட்டது. 2022-இல் 310 கோடி ஆஸ்திரேலிய டாலராக இருந்த இழப்பு, 2023-இல் 274 கோடியாகவும், 2024-இல் 203 கோடியாகவும் இறங்கியது. இந்தியாவில் இழப்பு மூன்று மடங்கான அதே காலத்தில் நடந்தது இது.

தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூரில், 'ஸ்கேம்ஷீல்டு' என்ற செயலி 2020 முதல் பொதுமக்கள் தெரிவிக்கும் எண்களைக் கொண்டு மோசடி அழைப்புகளை வடிகட்டுகிறது. சந்தேகம் எழுந்தால் ஆலோசனை கேட்க 1799 என்ற எண் 2024-இல் வந்தது. பணத்தை இழந்த பிறகு அழைப்பதற்கான எண் அல்ல அது. இழக்கும் முன் கேட்பதற்கானது. மோசடியில் சிக்கியும் அதை நம்ப மறுப்பவரின் வங்கிக் கணக்கைப் போலீஸாரே தற்காலிகமாக முடக்கி வைக்க வகைசெய்யும் சட்டம், 2025 ஜூலையில் அங்கு நடைமுறைக்கு வந்தது.

மேலே போகும் தகவல், கீழே வருவதில்லை

இந்தியாவில் தகவல் சேகரிக்கும் அமைப்புகள் குறைவாக இல்லை. குறை வேறிடத்தில் உள்ளது. அணுசக்தி நகர்வாசி தரும் தகவல் தில்லிக்கு வருகிறது, தொகுக்கப்படுகிறது, மாநில எண்ணிக்கையாக நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. அவர் வசிக்கும் பகுதிக்குப் பயன்படும் எச்சரிக்கையாக அது திரும்பிச் செல்வதில்லை. கடந்த 15 நாள்களில் உங்கள் அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் ஓய்வூதிய அலுவலகத்தின் பெயரில் இத்தனை மோசடி அழைப்புகள் பதிவாகியுள்ளன என்ற ஒரு வரி, பொதுவான ஆயிரம் விளம்பரங்களைவிடப் பயன் தரும். புகார் செய்பவருக்கும் தம் இரண்டு நிமிடம் வீணாகவில்லை என்ற நிறைவு கிடைக்கும்.

இதற்குப் பெயர்களோ தனிப்பட்ட விவரங்களோ தேவையில்லை. பகுதி, மோசடி வகை, எண்ணிக்கை ஆகிய மூன்றும் போதும். கோவண்டி காவல் நிலையத்தில் உள்ள பதிவுகளையும் 'சக்ஷு'வில் வந்த தகவல்களையும் சேர்த்து மாதம் ஒருமுறை வெளியிட்டாலே பெரிய மாற்றமாக இருக்கும். மராத்தி, ஹிந்தி, தமிழ் மொழிகளில் அதை அச்சிட்டு ஒட்டுவதற்கு இடங்கள் ஏற்கெனவே உள்ளன. அணுசக்தித் துறையின் மருத்துவத் திட்ட மருந்தகங்களுக்கு ஓய்வு பெற்றவர்கள் தவறாமல் வருகின்றனர். அணுசக்தி மத்தியப் பள்ளிகளின் பிள்ளைகள் தாத்தா பாட்டிகளுக்குப் படித்துக் காட்டுவார்கள். செட்டா நகர் முருகன் கோயில், மாட்டுங்கா ஆஸ்திக சமாஜம், தாராவியின் சங்கக் கட்டடங்கள் எனத் தமிழர் கூடும் இடங்களுக்கும் குறைவில்லை.

நிதித் துறை சார்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு, ஜெயந்த் சின்ஹா தலைமையில் 2023 ஜூலையில் அளித்த அறிக்கையில், இணையப் பாதுகாப்புக்கு மையப்படுத்திய ஆணையம் வேண்டும் என்றும், ஏமாற்றப்பட்டவர்களுக்கு நிதி நிறுவனங்கள் தாமாகவே இழப்பீடு வழங்கும் முறை வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. உள்துறை சார்ந்த நிலைக்குழுவும் ராதா மோகன் தாஸ் அகர்வால் தலைமையில் இணையக் குற்றங்களை ஆராய்ந்து 2025 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. அமைப்புகளை மையப்படுத்துவது பற்றிய பேச்சு இவ்வாறு நடந்துவருகிறது. தகவலைப் பகுதிகளுக்குத் திருப்பி அனுப்புவது பற்றிய கேள்வியை, தங்கள் தொகுதியின் பெயரைக் குறிப்பிட்டு உறுப்பினர்கள்தான் எழுப்ப வேண்டும்.

நம்பிக்கையும் இதில் முக்கியம். 'சஞ்சார் சாத்தி' செயலியை எல்லாப் புதிய செல்லிடப்பேசிகளிலும் நிறுவி விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. கண்காணிப்புக்கு வழிவகுக்கும் என்று எதிர்க்கட்சிகள் குளிர்காலக் கூட்டத்தொடரில் எதிர்ப்புத் தெரிவித்தன. டிசம்பர் 3-ஆம் தேதி உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. தகவல் தர மக்கள் தயார். ஆனால் தாங்கள் கண்காணிக்கப்படுகிறோம் என்ற ஐயம் எழுந்தால் வாயடைத்துவிடுவர் என்பதை அந்தச் சில நாள்கள் உணர்த்தின.

குடியிருப்புகள் செய்யக் கூடியவை

அரசின் முடிவுக்காகக் காத்திராமல், குடியிருப்புச் சங்கங்கள் தாங்களே ஒரு பதிவேட்டைத் தொடங்கலாம். அழைப்பு வந்த தேதி, நேரம், சொல்லப்பட்ட கதை ஆகியவற்றைக் குறித்து, வாரம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் எழுதினால் போதும். அழைத்த எண்ணை 'சக்ஷு'வில் பதிவு செய்யத் தெரியாத முதியவர்களுக்கு, கட்டடத்துக்கு ஒரு மாணவர் உதவலாம்.

மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, சந்தேகத்துக்குரிய எண்களை வாட்ஸ்-ஆப் குழுக்களில் பரப்பி, அதன் உரிமையாளரைத் தாங்களே மிரட்டக் கூடாது. போலியாகக் காட்டப்பட்ட எண்ணாக இருந்தால், குற்றமற்ற ஒருவர் துன்பப்படுவார். இரண்டாவது, ஏமாந்தவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதக் கூடாது. ஒருவர் கேலிக்கு ஆளானால், அடுத்த பத்துப் பேர் மறைத்துவிடுவர். மூன்றாவது, பணத்தை இழந்தவர் பதிவேட்டைத் தேடிச் செல்லாமல் முதலில் 1930-ஐ அழைக்க வேண்டும். பிறகு வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் தவறு இன்றி வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பு அவரைச் சேராது. அவரே கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நிகழும் இழப்புக்கு அவர் பொறுப்பல்லர்.

நாடாளுமன்ற அட்டவணையின் மகாராஷ்டிர வரியில் இடம்பெறுவது புகார் செய்தவர்களின் கணக்கு. வெட்கத்தால் மறைத்தவர்களும், இழப்பு இல்லையே என்று சும்மா இருந்தவர்களும் அதில் இல்லை. அடுத்த முறை மோசடி அழைப்பைத் துண்டிப்பவர், அந்த எண்ணைப் பதிவு செய்துவிட்டு, எதிர்வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிவிடுவது நல்லது. அதே எண்ணிலிருந்து அடுத்த அழைப்பு அந்த வீட்டுக்கு வரக்கூடும்.